நீலப் பொட்டு ராணி

மார்ச் 4

இரண்டாம் பெட்டியில் ராணி இல்லை. தேனடையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஓர் அறையிலும் முட்டை இல்லை. தேனீக்களின் சத்தமும் மாறிவிட்டது: திக்குத் தெரியாத இரைச்சல்.

மழையில் மற்றவை போனபின் மிஞ்சியது இரண்டே பெட்டி. பூக்காலம் வருகிறது. ராணி இல்லாமல் இது பூவைப் பார்க்காது.

"பக்கத்துல கேட்டா, முட்டை இருக்கிற அடை ஒண்ணு குடுக்க மாட்டாரா? அதுலேருந்து புது ராணியை வளர்த்துக்குமே" என்றாள் மனைவி.

பக்கத்தில் என்றால் அந்தத் தாடிக்காரன்; எனக்கு வெறும் தாடி. அவனிடம் போய் நிற்பதைவிடப் பெட்டியை விறகாக்குவேன்.

மார்ச் 6

சுற்றிப் பார்க்க வந்த ஒரு குழுவைக் காட்டுக்குள் பழைய காவல் கோபுரம் வரை கூட்டிப் போனேன். அந்தக் காலப் படையினர் அங்கிருந்து எதைப் பார்த்தார்கள், எப்படிச் செய்தி அனுப்பினார்கள், எல்லாம் சொன்னேன். ஒன்றை மட்டும் எப்போதும் சொல்வதில்லை.

அந்தக் கோபுரத்தைக் கண்டவன் நான். ஓடையில் தண்ணீர் குடித்துத் திரும்பும் காட்டுத் தேனீக்களின் திசையைப் பிடித்து நடந்தேன். கொடி மூடிய பாறை என்று நினைத்ததன் பொந்துக்குள் அவை நுழைந்தன. கொடியை விலக்கினால், கொத்திய கல். தாடி அன்று என் சக விரிவுரையாளன். பின்னால் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தான். கட்டுரை வந்தது, அவன் பெயரில் மட்டும். நான் வேலையை விட்டு வழிகாட்டியானேன். அவன் பேராசிரியரானான்.

போகட்டும். விருப்ப ஓய்வு வாங்கியவன் எங்கே நிலம் வாங்கினான்? என் வேலிக்கு அந்தப் பக்கம். என்ன செய்கிறான்? தேனீ வளர்க்கிறான். உலகத்தில் வேறு பொழுதுபோக்கே அகப்படவில்லையா?

மார்ச் 7

எழுதவே கை வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். காலையில் வாசல் மரக்கிளையில் ஒரு தேனீக் கூட்டம் வந்து திராட்சைக் குலை மாதிரி தொங்கியது. காலிப் பெட்டியைக் கீழே பிடித்துக் கிளையை ஒரே உலுக்கு. விழுந்தன. ராணியும் உள்ளே.

மாலை

ராணியின் முதுகில் நீலப் பொட்டு. அடையாள வர்ணம். இங்கே ராணிக்குப் பொட்டு வைக்கிற ஆள் ஒருவன்தான்.

மனைவியும் பார்த்துவிட்டாள்.

"யாரோடதுன்னு தெரியுதுல்ல?"

"பறந்து வந்துச்சு. நானா கூப்பிட்டேன்? பிடிச்சவனுக்குத்தான் கூட்டம்."

"அவரும் அப்படித்தானே சொல்லியிருப்பாரு, எழுதினவனுக்குத்தான் கட்டுரைன்னு."

இவளுக்கு மட்டும் கொடுக்கு உள்ளே போய் உடையாது. எத்தனை தடவை வேண்டுமானாலும் கொட்டலாம்.

மார்ச் 8

தூக்கம் இல்லை. இந்த ராணியைச் சேர்த்தால் இரண்டாம் பெட்டி பிழைக்கும். ஆனால் அப்புறம்? அவன் என்னுடையதை எடுத்தான், நான் அவனுடையதை எடுத்தேன், கணக்கு நேர். நாளைக்கு எந்த வாயால் அவனைத் திட்டுவது? இத்தனை வருஷம் சேர்த்துவைத்த கோபத்தை ஒரு பூச்சிக்காக விட்டுக்கொடுப்பதா?

முடியாது. கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். நல்லெண்ணத்தால் அல்ல. அது மட்டும் இங்கே பதிவாக இருக்கட்டும்.

மார்ச் 9

நேற்று இருட்டும் நேரம் பெட்டியின் வாசலை அடைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். தாடி கதவைத் திறந்து என்னைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான்.

"உன் ராணி. எண்ணிப் பார்த்து எடுத்துக்கோ."

"எண்ணணுமா? உட்காருடா. விடிஞ்சிடும்."

நான் சிரிக்கவில்லை.

"என் பெட்டியில புது ராணி பொரிஞ்சு வந்திருச்சு," என்றான். "இது என்னை விட்டுட்டுப் போனது. நீயே வச்சுக்கோ."

"உன்கிட்ட சும்மா வாங்கற நிலைமையில நான் இல்ல."

"சும்மா வேண்டாம். ஞாயித்துக்கிழமை என்னையும் கோபுரத்துக்குக் கூட்டிட்டுப் போ. தனியா ரெண்டு தடவை கிளம்பினேன். ஓடையிலேருந்தே திரும்பி வந்துட்டேன்."

"வழி தெரியலையா?"

"வழி தெரியும்."

பெட்டியைத் திரும்பத் தூக்கி வந்தேன்.

இன்று இரண்டாம் பெட்டியின் மேல் செய்தித்தாள் விரித்து, ஊசியால் துளையிட்டு, அதன் மேல் தாடியின் கூட்டத்தை வைத்தேன். நேரே கலந்தால் ஒன்றையொன்று கொன்றுவிடும். தாளைக் கடித்துத் திறப்பதற்குள் வாசனை பழகிவிடும்.

மார்ச் 11

பெட்டி வாசலில் தாள் துணுக்குகள். பிணங்கள் இல்லை.

மார்ச் 13, ஞாயிறு

வந்தான். புது ஷூ. ஏற்றத்தில் பழையபடியே மூச்சிரைத்தான். நான் வேகத்தைக் குறைக்கவில்லை, கொஞ்சம்தான் குறைத்தேன்.

கோபுரத்தடியில், குழுவில் வந்த ஒரு வங்கிக்காரர், "இத மொதல்ல யாரு சார் பார்த்தது?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் பின்வரிசையிலிருந்து தாடியின் குரல்.

"இவர்தான். தேனீ பின்னாடி போய்க் கண்டுபிடிச்சாரு. நான் பின்னாடி வந்தவன். எழுதும்போது பேரு போடாம விட்டுட்டேன். வேணும்னேதான் விட்டேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எத்தனை வருஷமாக இதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். சொல்லுக்குச் சொல் மனப்பாடம். வாயில் வந்தது இதுதான்:

"அந்தக் கல்லுல நிக்காத, வழுக்கும்."

திரும்பும்போது ஓடையில் கை கொடுத்தேன். பிடித்துத் தாண்டினான்.

மார்ச் 20

காலையிலேயே தாடி வந்துவிட்டான். கோபுரத்தின் மேற்குத் துவாரம் அம்பு எய்ய என்கிறான். புகை போக என்கிறேன் நான். அவனுடையது முட்டாள்தனமான வாதம், ஆனால் அதில் பாதி மட்டும்தான் தவறு. படம் வரைந்து காட்டியும் விளங்கவில்லை அவனுக்கு. மதியம்வரை நீண்டது. மனைவி எங்களை ஒன்றும் கேட்காமல் மூன்று தட்டு வைத்துவிட்டுப் போனாள்.