கரித்தூள் விழுந்த கஞ்சி

ராயபுரம், 1928

கர்த்தருக்குள் பிரியமான தங்கபுஷ்பத்துக்கு, உன் புருஷன் வேதமாணிக்கம் எழுதுவது. நான் சுகம். நீயும் பிள்ளைகளும் உன் கோபமும் சுகமா?

இங்கே துறைமுகத்தில் கரி சுமக்கிறேன். முந்தாநாள் மத்தியானம் ஜெபித்துவிட்டுக் கண்ணைத் திறந்தால், கஞ்சியில் ஒரு பிடி கரித்தூள் கிடக்கிறது. போட்டவன் எங்கள் மேஸ்திரி அப்பாவு.

"இன்னா நைனா, ஒங்க சாமி சக்கர போட்டுக்கீது, குடி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவனை அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். ஞானஸ்நானம் வாங்கிய அன்று, இனி யாரையும் அடிப்பதில்லை என்று உன்னிடம் சொன்னேனே, அது நினைவுக்கு வந்தது. தூளை வழித்துப் போட்டுவிட்டு, மிச்சத்தைக் குடித்தேன்.

நேற்று கஞ்சித் தூக்கை அவன் கையிலேயே கொடுத்தேன். "அண்ணாச்சி, நான் ஆமென் சொல்லுற வரைக்கும் இதப் பாத்துக்கிடுங்க."

பிடித்துக்கொண்டே நின்றான். "பேஜாரு புடிச்ச ஆளுடா நீ" என்று திருப்பிக் கொடுத்தான். ஆனால் சாயங்காலம் என் துண்டைச் சாக்கடையில் எறிந்துவிட்டான்.

அதனால் ஒரு துண்டு அனுப்பு. உன் பழைய சேலையில் கிழித்ததானாலும் சரி, அதுதான் நல்லது.

வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது. குடும்ப ஜெபத்தில் அப்பாவு பெயரை நீ சொல்லு. நான் சொன்னால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வருகிறது.