இருபதா, இருபத்தொன்றா

காலையில் பால் பொங்குவதற்குள் போனில் இன்றைய கேள்வி வந்துவிட்டது. ஜூலை இருபது. இதே நாளில் மனிதர்கள் நிலவில் இறங்கியபோது, உடன் போயும் இறங்காமல் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தவர் யார்? கீழே நான்கு பெயர்கள். சரியானதைத் தொட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. தேதியே தப்பு என்று நீ சொல்வது காதில் விழுந்தது.

அருப்புக்கோட்டை நூலகத்தில் அப்போது ஒரே ஒரு மின்விசிறிதான் ஒழுங்காக ஓடும். நீ ரெட்டியபட்டி பஸ்ஸில் வருவாய். நான் பாளையம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில். அரசு வேலைக்குப் படிக்கிறோம் என்றுதான் இரண்டு வீட்டிலும் அனுப்பினார்கள். அன்றைய தேதியில் நடந்த ஏதாவது ஒன்றைப் பற்றி ஒருத்தி கேட்பாள், மற்றவள் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் அன்று முழுக்க ஜன்னலோர வெயிலில்தான் படிப்பு.

"ஏ புள்ள, பாளையம்பட்டி மகாராணி, இன்னைக்கும் வெயிலுதானா? கருத்துப் போனா உங்க வீட்டுல என்னைய வைவாக" என்பாய்.

நாம் போன பயிற்சி மையத்தில் ஒரு மாதிரித் தேர்வில், நிலவில் மனிதன் கால் வைத்த தேதியைக் கேட்டிருந்தார்கள். எல்லோரும் இருபது என்று குறித்தோம். நீ மட்டும் இருபத்தொன்று. சார் உன்னை எழுப்பிவிட்டார்.

"ஏம்மா, ஊரே இருபதுங்குது. ஒனக்கு மட்டும் தனி நிலாவா?"

"அவுகளுக்குத்தான் சார் இருபது. அமெரிக்காவுல ராத்திரின்னா நமக்கு மறுநாள் விடிஞ்சு மணி எட்டரை. எங்க ஊரு ஆளுக கருவேலங்காட்டுல பாதி வெறகு வெட்டியிருப்பாக."

வகுப்பே சிரித்தது. "விடைக்குறிப்புல என்ன இருக்கோ அதைப் போடு. சரியானதை வேலைக்குப் போன பெறகு யோசி" என்றார் சார். நீ உட்கார்ந்தாய், ஆனால் விடையை அடிக்கவில்லை. பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது, "பாரேன், எது எந்த நாளுங்கிறதக்கூட நமக்கு வேற ஆளுகதான் சொல்லுறாக" என்றாய். நான் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக்கு நீ ஒரே ஒரு முறை வந்தாய். அம்மா, வீட்டுக்கு முன்னாலிருக்கும் எங்கள் கடை வாசலோடு பேசி அனுப்பிவிட்டாள். தினமும் கேள்வி கேட்கிற நீ, அதைப் பற்றி மட்டும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

போன கார்த்திகையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நாலே நாள். ஐந்தாம் நாள் காலை உன் அண்ணன் போன் செய்து நீ போய்விட்டாய் என்று சொன்னபோது நான் கடையில் நின்றிருந்தேன். ரெட்டியபட்டிக்குப் போய்விட்டு வரட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். "அங்கெல்லாம் நீ எதுக்கு பாப்பா? நம்ம வீட்டுப் பொம்பளைக அந்தப் பக்கம் போற வழக்கமில்ல" என்றார். ஒரு பஸ் தூரம். நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. கடைக்கு வந்தவருக்குச் சீயக்காய் எடுத்துக் கொடுத்தேன்.

துணைக்கு ஆளில்லாமல் நூலகம் எதற்கு என்று அதுவும் நின்றது. கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்கு முன்னால் கடை. படிப்பதெல்லாம் இந்த இரண்டு சுவருக்குள்தான். எத்தனையோ நாட்டில் எவர் எவரோ விடுதலையான தேதிகள் எனக்கு மனப்பாடம்.

விருதுநகரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. ஆடி கழியட்டும் என்று ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் வைத்திருக்கிறார்கள். அதே ஞாயிறுதான் பரீட்சை. பத்து நாட்களாக எனக்குத் தெரியும். பத்து நாட்களாகத் தோசை சுட்டேன், துணி மடித்தேன், வாயைத் திறக்கவில்லை.

இன்று பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு, அப்பா சாப்பிடும்போது சொன்னேன்.

"அப்பா, நீங்க பேசி வச்ச அன்னைக்கு எனக்குப் பரிட்சை."

அப்பா சிரித்தார். "அப்ப பரிட்சைக்காரவுகளைத் தேதிய மாத்தச் சொல்லு பாப்பா."

"அம்புட்டுப் பேருக்கும் சொல்லியாச்சு. இப்பப் போயி பரிட்சை கிரிட்சைன்னுக்கிட்டு" என்றாள் அம்மா.

"நான் எழுதப் போறேன். அவுக சாயங்காலம் வரட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. அப்பா பாதித் தோசையில் கை கழுவினார். போனைக் கேட்டார், கொடுத்துவிட்டேன். அதனால்தான் இதை நோட்டில் எழுதுகிறேன்.

கடையில் அப்பாவின் குரல் கேட்கிறது, யாருக்கோ விலை சொல்கிறார். அம்மா என் பக்கம் திரும்பாமல் அரிசி புடைக்கிறாள். வாசலுக்குப் போக வேண்டுமென்றால் இருவரையும் தாண்டித்தான் போக வேண்டும். நான் உன் ஊருக்கு வராத அந்தக் காலை வேளை என்னிடம் அப்படியே இருக்கிறது. கேட்காமல் விட்ட இரண்டாம் முறையும். மத்தியானம் அப்பா சாப்பிட உள்ளே வருவார். அப்போது மறுபடியும் சொல்லப் போகிறேன்.