கைராசிக்காரன் நட்ட தக்காளி

இன்று காலை பிரிஞ்சாங்கில், உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடையில் ஒரு பாட்டிலைப் பார்த்தேன். செடியில் வரும் வைரஸை அடியோடு கொல்லும் என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. உயிரே இல்லாததை எப்படிக் கொல்வது என்று கடைக்கார பாயிடம் கேட்டேன். "வாங்குறவங்க யாரும் இதக் கேட்டதில்லலா" என்றார். உன் நினைவு வந்தது. நீ இருந்திருந்தால் அந்தப் பாட்டிலின் முன் நின்று ஒரு சொற்பொழிவே ஆற்றிவிட்டு, ஒன்றும் வாங்காமல் வெளியே வந்திருப்பாய்.

உன் இரங்கல் கூட்டத்தில் நம் ஊர்ச் சங்கத் தலைவர் உன்னை, வாழ்நாளெல்லாம் வைரஸை எதிர்த்துப் போராடிய வீரர் என்றார். நீ போராடவில்லை, காதலித்தாய். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் என்னோடு வளர்ந்தவன், ஆராய்ச்சிக்கூடத்தில் சம்பளமும் வாங்கிக்கொண்டு ஆயுள் முழுக்க நோய்பிடித்த இலைகளை ரசித்தாய்.

அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று ஒருமுறை கேட்டேன். அது தின்னாது, மூச்சு விடாது, வளராது என்றாய். உப்பைப் போலப் படிகமாக்கிக் குப்பியில் அடைத்து வருடக்கணக்கில் அலமாரியில் வைக்கலாம். அதுவரை அது வெறும் பொருள். ஒரு துளி எடுத்து இலையில் தேய்த்தால், இலை தன் வேலையை விட்டுவிட்டு அதைப் பிரதி எடுக்க ஆரம்பித்துவிடும். உயிரா சடமா என்று உங்கள் ஆட்களே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். அடுத்தவன் வீட்டில் புகுந்து அவன் அடுப்பிலேயே தன் காரியத்தை முடித்துக்கொள்பவர்களை எனக்கும் தெரியும், நம் சங்கத்திலேயே சிலர் உண்டு என்றேன்.

"அவங்க சாப்பிடவாவது செய்வாங்கடா. இது அதுகூடக் கெடையாது" என்றாய், சொந்தப் பிள்ளையை மெச்சுவதுபோல.

பிறகு உன் தங்கையின் கணவர் லோரி ஓட்டுவதை விட்டுவிட்டு, கம்போங் ராஜாவில் பிளாஸ்டிக் கூரை வேய்ந்த மூன்று கொட்டகைகளில் தக்காளி போட்டார். குடும்பத்தின் பிழைப்பு முழுக்க அந்தக் கூரைகளின் கீழ்தான். முதல் கொட்டகையில் முதல் நாற்றை நீதான் நட வேண்டும் என்றார். படித்தவன், ஆகவே கைராசிக்காரன். வெற்றிலைத் தட்டு வந்தது, புகையிலையோடு. உன் ஆராய்ச்சிக்கூடத்தில் புகையிலை தொட்டவனை வாசலிலேயே நிறுத்திக் கை கழுவ வைப்பவன் நீ. ஆனால் தட்டை மறுத்தால் மச்சான் முகம் சுருங்கும். ஒரு துண்டு கிள்ளிக் கசக்கி வாயில் போட்டுக்கொண்டாய். அதே விரல்களால் நாற்றைப் பிடித்தாய். தண்டில் உன் தங்கை மஞ்சள் நூல் கட்டினாள். நட வந்திருந்தவர்களும் தட்டிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்கள். நான் படம் எடுத்தேன்.

சில வாரங்களில் இலைகளில் வெளிர்பச்சைத் திட்டுகள் தெரிந்தன. தளிர்கள் நூலாக ஒடுங்கின. நீ ஓர் இலையை வெளிச்சத்தில் பிடித்து, "என்ன அழகுடா" என்றாய். பக்கத்தில் உன் தங்கை நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்த பிறகுதான் உன் முகம் மாறியது. இலையைக் கொண்டுபோய்ப் பரிசோதித்துவிட்டு மறுவாரம் வந்தாய். இதற்கு மருந்து கிடையாது, இந்தக் கொட்டகையை முழுக்கப் பிடுங்கினால் மற்ற இரண்டும் பிழைக்கும் என்றாய்.

அதற்குள் ரிங்லெட்டிலிருந்து மருந்து விற்பவன் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டான். நம்பப்படுவதற்கு வேண்டியதெல்லாம் அவனிடம் இருந்தது: கம்பெனித் தொப்பி, பெயர் அட்டை, துளியும் சந்தேகமில்லாத முகம்.

மச்சான் உன்னைச் சமாதானப்படுத்தினார். "நீங்க கை வச்ச செடி மச்சான், அது கெடாது. ஒரு தடவ அடிச்சுப் பாப்போம்லா."

"என் கைதான் மச்சான் கெடுத்துச்சு. காஞ்ச பொகையிலையில தூங்கிக் கெடந்த வைரஸ் என் வெரல்ல ஏறி வந்துருக்கு. பிடுங்கிருங்க."

மச்சான் நம்பவில்லை. படித்த கையில் நோய் இருக்குமா என்று மருந்துக்காரனைப் பார்த்தார். மருந்துக்காரன் இருக்காது என்றான்.

உன் தங்கைதான் நடந்துபோய் மஞ்சள் நூல் கட்டிய செடியைப் பிடுங்கினாள். "அண்ணன் கைதான் குத்தம்னு அண்ணனே சொல்றாரு. இவனுக்கு என்ன தெரியும்?" என்றாள். மச்சான் தொப்பிக்காரனை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த செடியில் கை வைத்தார்.

மற்ற இரண்டு கொட்டகைகளும் பிழைத்தன. உன் கைராசி பிழைக்கவில்லை. அதன்பிறகு அந்த வீட்டில் எந்த நல்ல காரியத்தையும் தொடங்கி வைக்க உன்னை யாரும் அழைக்கவில்லை. நீ காப்பாற்றிய தக்காளி கட்டிக்கொடுத்த புது வீட்டில் குத்துவிளக்கு ஏற்றியவர் சங்கத் தலைவர். நீ கடைசி வரிசையில் உட்கார்ந்து பாயசம் குடித்தாய். வருத்தமா என்று கேட்டதற்கு, பாயசம் நன்றாக இருக்கிறது என்றாய்.

போன மாதம் மச்சான் இன்னொரு கொட்டகை போட்டார். இப்போது கைராசிக்காரன் நான். வெற்றிலைத் தட்டை ஒதுக்கிவிட்டு சோப்பு கேட்டேன். முழங்கை வரை தேய்த்துக் கழுவினேன். நட வந்தவர்களையும் கழுவ வைத்தேன். ஏதோ சாங்கியம் என்று நினைத்துக்கொண்டார்கள். இப்போது அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் அப்படித்தான் செய்கிறார்களாம். கோயில் பூசாரி அதற்கு ஒரு மந்திரமும் சேர்த்துவிட்டார்.

நான் திருத்தவில்லை. மந்திரம் நீளமானது. அது முடியும்வரை எல்லோர் கையிலும் சோப்பு இருக்கிறது.