கோபுரத்தில் ஒரு முகம்

எம். புதுப்பட்டி,
வியாழக்கிழமை

அன்புத் தம்பி ஜெபினுக்கு,

அக்கா ஞானஜோதி எழுதுவது. நானும் அத்தையும் சுகம். பெங்களூர்க் குளிரில் உன் இருமல் எப்படி இருக்கிறது? போனில் பேசினால் அழுது தொலைப்பேன் என்றுதான் எழுதுகிறேன்.

நூற்றாண்டு விழா ஒளிக்காட்சிக்காக, நீ கேட்டபடி நம் சபைக் கோயில் கோபுரத்துக்கு வெள்ளை அடித்தாயிற்று. புரொஜெக்டர் வைக்க எதிர்வீட்டுப் பாண்டிச்செல்வி தன் மாடியைத் தருகிறாள். குறுக்கே நிற்கும் வேப்பங்கிளையை வெட்டத்தான் போதகர் ஐயர் சம்மதிக்கவில்லை. படத்தை நீயே ஒதுக்கிப் போட்டுக்கொள், பெரிய என்ஜினீயர்தானே.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உன் ஆட்கள் ஸ்பீக்கரைச் சோதித்தார்கள். கோபுரம் முழுக்க வாணம் வெடிக்கிற காட்சிக்கு நீ சேர்த்திருந்த சத்தத்தைப் போட்டுவிட்டார்கள். தெருவே பட்டாசுக் கம்பெனி ரோட்டில் ஓடியது, ஜெபின். பாண்டிச்செல்வி மாவுக் கையோடு ஓடினாள், அவள் மகள் சினேகா அங்கே வேலையில் இருந்தாள். நானும் ஓடினேன். என் வீட்டு ஆள் இனி அங்கே இல்லை என்பது பாதி வழியில்தான் உறைத்தது. திரும்பி வரும்போது பாண்டிச்செல்வி, “ஒங்க தம்பி இங்கன பொறந்து வளந்தவுகதான, இந்தச் சத்தம் மறந்துபோச்சாக்கும்?” என்று கேட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. சத்தத்தை எடுத்துவிடு, கீர்த்தனை போதும்.

நீ அனுப்பிய மாதிரி வீடியோவையும் பார்த்தோம். கம்பெனி வெடிவிபத்தில் போனவர்களின் முகங்களோடு உன் மச்சானும் வருகிறார். லோடு ஏற்றப் போன மனுஷனைத் துணியில் சுற்றித்தான் தந்தார்கள், முகத்தைத் திறக்க விடவில்லை. நான் நர்ஸ் என்று சொல்லியும் விடவில்லை. அத்தை வீடியோவைப் பார்த்துவிட்டு, “எம் மகன் மூஞ்சி அம்புட்டுப் பெருசா வருமா? எம்புட்டு நேரம் இருப்பான்?” என்று கேட்டார். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

வெடி சிதறி, அதற்குள்ளிருந்து அவர் முகம் வரும்படி செய்திருக்கிறாய். பார்க்க அழகுதான், ஆனால் வேண்டாம். என்னால் தாங்க முடியவில்லை. வெறுமனே வரட்டும். கல்யாணப் படத்தில் விறைப்பாக நிற்கிறார், அதையும் மாற்று. அவருடைய கடைசிக் கிறிஸ்மஸுக்கு நீ எடுத்தாயே, வாய் நிறையக் கேக்கோடு சிரிக்கிற படம், அதைப் போடு.

நீ கைவைக்கிற வேலையெல்லாம் கர்த்தர் வாய்க்கச் செய்வார். அக்காவுக்காக ஒன்று மட்டும் செய். அவர் முகத்தைச் சட்டென்று அணைத்துவிடாதே. வெளிச்சத்தை மெல்ல மெல்லக் குறை. இந்தத் தடவையாவது அவர் போவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

உன் அக்கா,
ஞானஜோதி இன்பராஜ்