இக் கரை

வேசர் ஆற்றுத் துறை,
பனி உருகும் மாதம்.

என் அருமை மகன் ஆல்ப்ரிக்குக்கு,

உன் அப்பன், படகோட்டி தியாட்மார், ஆசி சொல்லி எழுதுவது. எழுதுவது என்றால் நான் எழுதவில்லை. எழுத்துக்கும் எனக்கும் உள்ள உறவு, நம் வீட்டுப் பூனைக்கும் ஆற்றுக்கும் உள்ள உறவுதான். நான் சொல்லச் சொல்ல விக்மண்ட் பாதிரியார் தோலில் கீறுகிறார். நம் சாக்சன் பேச்சை எழுதி அவருக்குப் பழக்கமில்லையாம். ‘தண்ணீர்’ என்ற ஒரு சொல்லை மூன்று வகையாக எழுதிப் பார்த்து மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கிறார். அவரே தெற்கே வந்து உன் கையில் கொடுக்கப்போவதால் மனம் விட்டுப் பேசுகிறேன். வேறு யாரிடமாவது சிக்கினால் என் தலை போகும். அந்தத் தலைக்குள் பெரிதாக ஒன்றும் இல்லை. இருந்தாலும் தொப்பி வைக்க ஒரு இடம் வேண்டாமா?

அம்மா இருக்கிறாள். செம்பசு கன்று போட்டது. போன தடவை ராஜாவின் படை வந்தபோது என்னை இதே ஆற்றில் முழுக்கி ஞானஸ்நானம் கொடுத்து, நம் சாமிகள் தொணார், வோடன் எல்லோரையும் கைவிட்டேன் என்று சொல்லவைத்தார்கள். சொன்னேன். மறு வாரமே வேறொரு படை வந்தது. நான் ஏற்கெனவே முழுகியவன் என்றால் நம்பவில்லை. மறுபடி முழுக்கினார்கள். இவ்வளவு சுத்தமாக நான் பிறந்தபோதுகூட இருந்ததில்லை.

விக்மண்டைப் பற்றி ஒரு வம்பு. அவர் கடலுக்கு அப்பாலிருந்து வந்தவர். அவருடைய முன்னோர்கள் நம் கரையிலிருந்துதான் படகேறிப் போனார்களாம், அதனால் நாம் பங்காளிகளாம். பேச்சும் அப்படித்தான் இருக்கிறது. வாய் நிறையக் கூழோடு நாம் பேசினால் எப்படியோ அப்படி. முதல் நாள் அம்மாவிடம் ஏதோ கேட்டார். அவள் கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, “ஏன் சாமி, ரொட்டிதானே கேக்குறீங்க? அதுக்கு ஏன் இப்படி வாயைக் கோணிக்கிட்டு அழுறீங்க?” என்றாள். இதைச் சொல்லும்போது அவர் எழுதாமல் என்னை முறைக்கிறார். எழுதுங்கள் சாமி, பிள்ளை சிரிக்கட்டும்.

அம்மா அப்படிப் பேசியது குளிர்காலத்துக்கு முன்னால். குளிர்காலம் முழுக்க அவள் வாயே திறக்கவில்லை.

மலையில் நம் காட்டுக்காரர்கள், ராஜாவுக்குப் பணியாமல் காட்டுக்குள் போன நம் ஆட்கள், அவருடைய படையை மடக்கி அடித்ததை அங்கேயும் கேள்விப்பட்டிருப்பாய். அதற்குப் பிறகு மேற்குத் துறையில் ராஜாவின் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். எல்லாரும் நீ இருக்கும் தென்பக்கத்தவர்கள். ஆற்றைக் கடக்க வருகிற ஒவ்வொருவன் முகத்துக்கும் நேரே ஒரு கிண்ணம் தண்ணீரை நீட்டி, “இது என்னடா?” என்கிறார்கள். அவர்களைப் போல ‘வஸ்ஸர்’ என்றால் போகலாம். நம்மைப் போல ‘வத்தர்’ என்றால் அவன் காட்டுக்காரன். ஓக் மரங்களுக்குப் பின்னால் கூட்டிப்போகிறார்கள். திரும்பி வந்து படகு ஏறியவர் இல்லை. எனக்கு மட்டும் விலக்கு. துடுப்புப் போட ஆள் வேண்டுமே.

நம் கரையில் கதை நேர்மாறு. நாணலுக்குள் காட்டுக்காரர்கள் படுத்திருக்கிறார்கள். படகு நெருங்கினால், “யாரது?” என்று குரல் வரும். ‘நான்’ என்று சொல்ல வேண்டும். நம் வாயில் அது ‘இக்’. கல்லில் கல் பட்ட மாதிரி வர வேண்டும். தெற்கத்தியான் வாயில் அதுவே ‘இஹ்’, குளிரில் கைக்கு ஊதுகிற மாதிரி. ஊதினால் ஈட்டி வரும். ஊர் பேர் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

உன் அண்ணன் ஆஸ்டாக்குக்கு இதெல்லாம் விளையாட்டாக இருந்தது. யாரைப் பார்த்தாலும் அவரைப் போலப் பேசிக் காட்டுவான், உனக்குத் தெரியுமே. என் இருமலைக்கூட விடமாட்டான். மேற்கே சந்தைக்குப் போய்த் திரும்பும்போது கிண்ணத்தைப் பார்த்து, “வஸ்ஸர், எசமான், நல்ல வஸ்ஸர்!” என்று சொன்னான். அந்தப் படைத்தலைவன், “பாரு, இவன் நம்ம ஊர்க்காரனாட்டம் பேசுறான்!” என்று தோளில் தட்டி அனுப்பினான். மூடுபனிக் காலை. படகில் அந்தத் தலைவனைப் போலவே தொண்டையைச் செருமி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு பேசிக்கொண்டே வந்தான். நான் துடுப்பை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். “அப்பா, ஆத்தைப் பாருங்க, என்னைப் பாக்காதீங்க, கவுந்துரப்போறோம்” என்றான்.

நாணலிலிருந்து, “யாரது?” என்று கேட்டார்கள்.

பிள்ளையின் வாய் இன்னும் அக்கரையிலேயே இருந்தது. ‘இஹ்’ என்றான்.

சொன்ன உடனே அவனுக்கும் தெரிந்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தான். சரியான சொல்லைச் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் வந்துவிட்டது.

எறிந்தவன் நம் வேலிக்கு அந்தப் பக்கத்து வுல்ஃபார் மாமா. அவனுக்கு ஆஸ்டாக்கின் குரல் தெரியாதா? மடியில் தூக்கி வளர்த்த குரல். ஆனால் பனியில் குரலுக்கு முன்னால் சொல் போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போது வாரம் தவறாமல் வந்து, கேட்காமலேயே என் படகுக்குத் தார் பூசிவிட்டுப் போகிறான். நானும் அவனும் பேசுவதில்லை. படகு ஒழுகுவதில்லை.

நம் வழக்கப்படி ஆஸ்டாக்கை எரிக்க முடியவில்லை. பிணத்தை எரித்தால் தலை வாங்கும் சட்டம் வந்திருக்கிறது. விக்மண்ட்தான் மண்ணில் வைத்து, தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். அம்மா குழியருகே வரவில்லை. வீட்டு அடுப்பில் அவனுடைய கம்பளிச் சட்டையைப் போட்டு எரித்து, புகை கூரையைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். இதுவும் எழுதுங்கள் சாமி. எழுதுகிறார். இப்போது மூக்கைச் சொறியவில்லை.

ஆல்ப்ரிக், விஷயத்துக்கு வருகிறேன். சமாதானத்துக்கு ஈடாக உன்னைக் கொண்டுபோனபோது உனக்கு மீசை முளைக்கவில்லை. அறுவடை முடிந்ததும் பிணைக்கைதிகளை விடப்போவதாகவும், நீ நேராக வீட்டுக்கு வருவதாகவும் விக்மண்டிடம் சொல்லி அனுப்பியிருந்தாய். அம்மா குளிர்காலத்துக்குப் பிறகு முதல்முறையாக வாய் திறந்து, “எம் புள்ளை எப்படிச் சொன்னானோ அப்படியே சொல்லுங்க சாமி” என்றாள். அவரும் உன் வார்த்தையை உன் வாயாலேயே சொன்னார். “இஹ் வருகிறேன், அம்மா.”

அவள் எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டாள்.

உன் மேல் குற்றமில்லை. அவர்கள் சோற்றைத் தின்று, அவர்கள் பாட்டைப் பாடி வளர்ந்த நாக்கு வேறு என்ன செய்யும்? நீ அங்கே உயிரோடிருக்கவும் அதுதான் உதவியிருக்கும். மேற்குத் துறைவரை அதுவே உன்னைக் கொண்டுவந்து சேர்க்கும். கிண்ணத்தைப் பார்த்து நன்றாக ‘வஸ்ஸர்’ என்று சொல். அதற்கு மேல்தான் பயம்.

நடு ஆற்றில் நான் படகை நிறுத்துவேன். நீ சொல்லிப் பார்க்க வேண்டும். இருட்டினாலும் சரி, என் தோள் கழன்றாலும் சரி, அந்தச் சொல் கல்லாக வரும்வரை துடுப்பைத் தண்ணீருக்கு எதிரே பிடித்துக்கொண்டிருப்பேன். நான் சிரிக்கமாட்டேன். வராவிட்டால் திருப்பி மேற்கேயே விட்டுவிடுவேன். கோபப்படாதே. மடத்துக்குப் போய், கோதுமை ரொட்டி தின்று, மொட்டை அடித்துக்கொண்டு, கிழவனாகும்வரை இரு. நம் வீட்டில் ஒருவனாவது கிழவனாக வேண்டும்.

அதனால் இன்றே தொடங்கு மகனே. விக்மண்டின் நாக்கு கோணல்தான், ஆனாலும் இந்த ஒரு சொல்லை அம்மா அவருக்குத் திருத்திக் கொடுத்திருக்கிறாள். அடுப்படியில் உட்காரவைத்து, ஒரு பொழுது முழுக்க. அவரிடம் கற்றுக்கொள்.

நீ வருகிற அன்று அம்மா நாணலுக்கு முன்னால் வந்து நிற்பாள். “யாரது?” என்று அவளேதான் கேட்பாளாம். வேறு யாரையும் கேட்கவிடமாட்டாளாம். வாய் நிறையப் பதில் சொல்லி நீ கரையேற வேண்டும்.

நல்லபடியாக இரு. 

உன் அப்பன்,
தியாட்மார்