விழுந்தாலும் வருகிற பணம்

என் செல்ல மகள் ரெனெலுக்கு,

இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி டேவியனும் கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். ஜப்பானில் கப்பற்படை வேலை உன்னைப் பாடாய்ப் படுத்தாமல், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் நடுவில் சிரித்துக் கெடுத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். ஜெயித்துவிட்டோமடி! டேவியன் சம்பளம் முடிவாகிவிட்டது!

போன வருஷம் யாருக்கும் பேர் தெரியாத பையனாக அமெரிக்க ஃபுட்பாலில் இறங்கி, பந்து எங்கே வந்தாலும் எகிறிப் பிடித்து, ஊரையே பைத்தியமாக்கினான் இல்லையா? அடி வாங்கி விழுந்தாலும் அடுத்த நொடி துள்ளி எழுந்துவிடுவான், உதட்டில் ரத்தம் வழிந்தாலும் சரி. படுத்துக் கிடந்தால் இடம் வேறொருத்தனுக்குப் போய்விடும் என்ற பயம். ஜூலையில் கிளப்காரர்கள் மூன்று வருஷத்துக்கு ஒன்பது கோடி டாலர் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவன் கையெழுத்துப் போடுவதற்குள் சர்ச் வாசலில் உன் ஓடில் அத்தையிடம் உளறித் தொலைத்தேன். மறுநாளே உன் தம்பி வேண்டாம் என்றுவிட்டான். நான் கத்தினேன். அவன் நிதானமாக, "அம்மா, ஒன்பதுல மூணுதான் நிச்சயம். ரெண்டாவது மாசமே முட்டி போச்சுன்னா மீதி ஆறையும் மறந்துற வேண்டியதுதான். அப்பாவுக்கு வேலையில முதுகு போனப்ப கம்பெனி ஒரு காசு குடுத்துச்சா?" என்றான். மொத்தம் எட்டு போதுமாம், ஆனால் கால் உடைந்தாலும் அதில் ஏழு வந்தாக வேண்டுமாம். அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பயிற்சி முகாமுக்குப் போனான், ஆனால் சாதாரணத் தொப்பியும் செருப்புமாக ஓரத்தில் நின்றானே தவிர, பணம் முடிவாகாமல் களத்தில் இறங்கவில்லை. ரேடியோக்காரர்கள் ஒரு வருஷம் ஆடியதற்கே இவ்வளவு கொழுப்பா என்று திட்டினார்கள். ஓடிலுக்குக் கேட்க வேண்டுமா, எல்லார் எதிரிலும், "என்ன அண்ணி, ஒன்பது கோடி வந்துச்சா, இல்ல வழியில வண்டி பஞ்சரா?" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அந்த வாரமே கிளப்பில் கணக்கு பேசுகிற விட்கம் என்பவர் நம் வீட்டுக்கே வந்தார், என் மனதைக் கரைக்கத்தான். இறாலும் வெண்டைக்காயும் போட்டு கம்போக் குழம்பு வைத்திருந்தேன், மனுஷன் மூன்று தட்டு சாப்பிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு, "நாமெல்லாம் ஒரே குடும்பம்மா, பையனுக்கு நீங்கதான் எடுத்துச் சொல்லணும்" என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "குடும்பம்னா நீங்க சாப்பிட்டதுக்குக் காசு வேணாம் சார். அவன் ஓடுறதுக்குக் குடுங்க, விழுறதுக்கும் சேத்துக் குடுங்க" என்றேன். அப்பாவுக்குப் புரையேறிவிட்டது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை ஊர் ஜனங்களைப் பயிற்சி பார்க்க விட்டார்கள், நாங்களும் போனோம். டேவியன் இடத்தில் ஓடிய பையன், பாவம், யார் பெற்ற பிள்ளையோ, வந்த பந்தையெல்லாம் நழுவவிட்டான். எவனோ ஒருத்தன் மேல்படியிலிருந்து "காசக் குடு!" என்று கத்தினான். பிறகு பத்துப் பேர், பிறகு மொத்தக் கூட்டமும். "காசக் குடு! காசக் குடு!" குனிந்து செருப்பு மாட்ட முடியாத உன் அப்பா பெஞ்சின் மேல் ஏறி நின்று கத்தினார், ரெனெல்! கீழே விட்கம் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை கையெழுத்தாயிற்று. எட்டு கோடி, அதில் ஏழு நிச்சயம். ஓடில் விடுவாளா, "ஒன்பதுன்னீங்க, எட்டுதானா அண்ணி?" என்றாள். கொண்டாட்டத்துக்கு வாங்கிய கேக்கில் பெரிய துண்டாக வெட்டி அவள் வாயில் திணித்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது போன ஞாயிறு நடந்த முதல் ஆட்டம். இரண்டாவது பந்தை எகிறிப் பிடித்தான், இரண்டு தடியன்கள் மேலே வந்து விழுந்தார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. எழுந்திருடா, எழுந்திருடா என்று நான் அலற, அப்பா என் கையைப் பிடித்து, "கத்தாத. அவன் எந்திரிக்க அவசரமே இல்ல இப்ப, படுத்திருக்கட்டும்" என்றார். டாக்டர் வந்து முட்டியை மடக்கி நீட்டிப் பார்க்கும்வரை பையன் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றுமில்லை, வெறும் அடிதான். மெதுவாக எழுந்து, பந்தோடு கையைத் தூக்கிக் காட்டினான். வலித்தபோது அவன் துள்ளி எழாமல் படுத்திருந்ததை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன், பெற்றவள் நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

உனக்குக் கார் வாங்கித் தருவானாம், வேண்டாம் என்று கௌரவம் பார்க்காதே. தம்பிக்கு ஒரு வார்த்தை எழுது, உன் பாராட்டு வந்ததா என்று தினமும் கேட்கிறான். நனைந்த காலோடு தூங்காதே. கடலிலும் கரையிலும் கடவுள் உன் கூடவே இருக்கட்டும்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா
லியோன்டீன்