எண் வரிசையில் அடுக்கிய எஞ்சின்கள்

மச்சான்,

இன்று காலை உன் மகள் விட்பியிலிருந்து வந்து, உன் எஞ்சின் அட்டைகள் நிரம்பிய ஐந்து சப்பாத்துப் பெட்டிகளை என் சமையலறை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். முதல் பெட்டியைத் திறந்ததும் கராம்பு மணம் மூக்கில் ஏறியது. பூச்சி அரிக்காமல் நீ போட்டு வைத்த கராம்பு. நீ போய் ஒரு வருசம் ஆகிறது, அதன் காரம் மட்டும் போகவில்லை. மூடியை மூடிவிட்டு யன்னலோரம் போய் நின்றேன். மல்வேர்ன் சனம் வழக்கம்போல் பஸ்ஸுக்கு நின்றது.

பெட்டிகளை டென்மார்க்கில் பழைய எஞ்சின்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் ஒரு ரயில் நூதனசாலை வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறதாம். ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார்கள்: இந்த அட்டைகளை எந்த ஒழுங்கில் படிப்பது? "உங்களுக்குத்தான் தெரியும், அங்கிள். அப்பா உங்களோடதானே எல்லாம் கதைக்கிறவர்" என்றாள். தலையாட்டி அனுப்பிவிட்டேன்.

கனடாவுக்கு வருமுன் ஒன்பது வருசம் நீ டென்மார்க்கில் இருந்தாய். அரச ரயில்வே யார்டில் ரயில் பெட்டி கழுவும் வேலை. யார்டின் மூலையில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஆதிகாலத்து நீராவி எஞ்சின் ஒன்று. சனிக்கிழமைகளில் ஓய்வுபெற்ற கிழவர்கள் நாலைந்து பேர் அதைத் துடைக்க வருவார்கள். நீ வாசலில் நின்று பார்த்திருக்கிறாய். "ஒருத்தரும் நீ எந்த நாடு, ஏன் வந்தனி எண்டு கேக்கேல்லையடா. ஒரு துணியைத் தந்தாங்கள், அவ்வளவுதான்." இதைச் சொல்லும்போதெல்லாம் உன் குரல் இறங்கிவிடும்.

துடைத்துக்கொண்டே அவர்கள் சொன்ன கதைகளை நீ அட்டைகளில் எழுதினாய். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்திறங்கிய முதல் எஞ்சின்கள், அவற்றின் பித்தளைப் பெயர்த்தகடுகள், எது எப்போது பழைய இரும்பாகப் போனது. அப்பன், பாட்டன் அந்த எஞ்சின்களுக்குக் கரி அள்ளிப் போட்டவர்கள் என்பதால், எதன் கொதிகலனைக் கழற்றி எதற்குப் பூட்டினார்கள் என்பதுகூட அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிறகு கிழவர்களும் ஒவ்வொருவராய்ப் போய்விட்டார்கள்.

நான் உன்னைக் கிண்டல் பண்ணாத நாளில்லை. "எங்கட ஊர்க் கோச்சியை விட்டுட்டு வெள்ளைக்காரன்ர ரயிலுக்கு நீ என்ன கணக்கெழுதுற விதானையாரோ?" என்று கேட்பேன். நீ சிரிக்கமாட்டாய். "எங்கட கோச்சியைப் பற்றி எழுத ஆக்கள் இருக்கினம். உதுகளுக்கு என்னை விட்டா ஆளில்லை."

அப்படிப்பட்டதில்தான் நான் கை வைத்தேன்.

ஸ்ட்ரோக் வந்து நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உங்கள் பேஸ்மென்டில் தண்ணீர் கசிந்தது. பெட்டிகளை மேலே ஏற்றித் தரச்சொல்லி உன் மனிசி கேட்டாள். ஏற்றினேன். திறந்து பார்த்தால், அட்டைகளின் தலையில் நீ எழுதியிருந்த எஞ்சின் எண்கள் ஒரே கந்தறுந்த கோலம்: பன்னிரண்டுக்குப் பின்னால் முப்பத்தொன்று, அதற்குப் பின்னால் மறுபடியும் பன்னிரண்டு, பிறகும் இப்படியே. இருபத்தாறு வருசமாய்த் தபால் பிரிக்கிறவன் நான். எண் குழம்பிக் கிடந்தால் என் கை சும்மா இராது. உன் மனிசி உன்னோடு ஆஸ்பத்திரியில் நின்ற இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் குந்தியிருந்து, ஒன்றிலிருந்து கடைசி எண் வரைக்கும் அச்சொட்டாக அடுக்கினேன். நீ வந்து பார்த்துச் சந்தோசப்படுவாய் என்று நினைத்தேன்.

நீ வந்தாய். ஒரு கையால் மூடியைத் திறந்து கனநேரம் பார்த்தாய். "வடிவா அடுக்கியிருக்கிறாய், மச்சான்" என்றாய். நான் பல்லைக் காட்டிக்கொண்டு உன் மனிசியிடம் தேத்தண்ணி கேட்டேன்.

ஒரு மாதமாகியும் நீ பெட்டிகளைத் தொடவில்லை. ஏனென்று வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் வாய் திறந்தாய். "எஞ்சின்ர நம்பர் அதின்ர பேர் இல்லையடா. அது கதிரை. ஒருத்தன் எழும்பினா மற்றவன் வந்து குந்துவான்." பழைய எஞ்சினை உடைத்தால் அதன் எண்ணைப் புதிதாய் வந்ததற்குக் கொடுத்துவிடுவார்களாம். நீ அடுக்கியிருந்தது எண்படி அல்ல. செத்த எஞ்சினின் அட்டைக்குப் பின்னால், அதன் கொதிகலனையோ சில்லையோ வாங்கிக்கொண்டு ஓடிய எஞ்சினின் அட்டை. எது எதற்கு வாரிசு என்று அட்டையில் ஒரு வரி கிடையாது. அட்டை நின்ற இடம்தான் அதைச் சொன்னது.

"எழுதி வைச்சிருக்கலாமேயடா!" என்று உன்மேலேயே பாய்ந்தேன். நோயாளி என்றும் பார்க்கவில்லை.

"எழுதத்தானே இருந்தனான்" என்றாய்.

அட்டைகளைப் பழைய ஒழுங்குக்குக் கொண்டுவர அந்தப் பனிக்காலம் முழுக்க ஞாயிறுதோறும் உட்கார்ந்தோம். முதல் நாளே மூன்று அட்டைகள் சேர்ந்தன. கப்பலில் வந்த முதல் பன்னிரண்டு, அதன் கொதிகலனை வாங்கிய முப்பத்தொன்று, முப்பத்தொன்றின் சில்லுகள் போய்ச்சேர்ந்த இரண்டாவது பன்னிரண்டு. நீ வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தாய். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அட்டையைக் கையில் பிடித்தபடி இருப்பாய், கண்ணால் தண்ணீர் ஓடும். மிச்ச ஞாபகத்தை அந்த ஸ்ட்ரோக் வருத்தம் கொண்டுபோய்விட்டது. கடைசியில் "விடு மச்சான், பரவாயில்லை" என்றாய். பனி கரையுமுன் போய்விட்டாய்.

சற்றுமுன் உன் மகளுக்கு ஃபோன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"இல்லையே அங்கிள். வருத்தத்தில தான்தான் அட்டையளைக் கலைச்சுப்போட்டதெண்டெல்லோ அப்பா சொன்னவர். அம்மாட்டயும் அப்பிடித்தான் சொன்னவர்."

நீ ஏன்டா அப்படிச் சொன்னாய்? உன் வாயால் நாலு தூசண வார்த்தை கேட்டிருந்தால் நான் ஓரளவு தாங்கியிருப்பேன். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? என் பிழையை உனக்கு வந்த வருத்தத்தின் தலையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய், நான் நித்திரை கொள்ளவேண்டும் என்று. நான் நித்திரை கொள்வதில்லை, மச்சான்.

"இல்லைப் பிள்ளை, நான்தான்" என்று இரண்டாம் முறையும் சொல்லிவிட்டு வைத்தேன்.

அந்த மூன்று அட்டைகளையும் ஒரு நூலால் கட்டியிருக்கிறேன். நூதனசாலைக்கு எழுதவேண்டிய பதிலையும் எழுதிவிட்டேன்: நூலால் கட்டிய மூன்றையும் கட்டியிருக்கும் ஒழுங்கில் படியுங்கள், மற்றவற்றின் ஒழுங்கை நான் அழித்துவிட்டேன். கீழே என் பெயரை முழுதாகப் போட்டிருக்கிறேன்.

நாளைக்குக் காலை ஆறு மணிக்கு வேலை. போய் நின்று கடிதங்களை எண்படி பிரிக்கப்போகிறேன். என் கைக்கு வேறொன்றும் தெரியாது.